கட்டுவதற்கு முன்னால் பிளானுக்கு மட்டும் காசு கொடுத்தோம்: தர்மபுரியில் ஒரு டிசைன் அலுவலகம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தமாக வீடு கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் நேராகக் கான்ட்ராக்டரிடம் போகவில்லை. பிளான் மட்டும் போட்டுத் தருகிற ஒரு அலுவலகத்துக்குத் தனியாகக் காசு கொடுத்து, எல்லா வரைபடங்களும் கைக்கு வந்த பிறகுதான் கட்டுவதற்கு ஆள் தேடினோம். பென்னாகரம் ரோட்டுப் பக்கம் இருக்கிற சின்ன அலுவலகம் அது. ஒரு பெண் இன்ஜினியரும், அவரோடு சேர்ந்து ஸ்ட்ரக்சுரல் கணக்குப் பார்க்கிற இன்னொரு இன்ஜினியரும் நடத்துகிறார்கள், கட்டுகிற வேலையை அவர்கள் எடுப்பதே இல்லை. குறைகளையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை, வேண்டும் என்பவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் மனை 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. 33 அடி அகலம், 66 அடி நீளம், மேற்குப் பார்த்தது. வீட்டில் அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள். முதலில் பார்த்த கான்ட்ராக்டர்கள் எல்லாரும் "பிளான் ஃப்ரீ சார், அட்வான்ஸ் மட்டும் கொடுங்க" என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்படி ஒருவர் கொடுத்த பிளான் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஒரே ஒரு தாள். மேற்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி. மாடிக்கு 15 படி. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே பத்தரை அடி என்றால் 126 அங்குலம், அதை 15-ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் எட்டு அங்குலத்தையும் தாண்டுகிறது. முழங்கால் வலிக்கிற அம்மா அந்தப் படியில் ஏறி வடகம் காயப்போட முடியுமா? படியின் உயரத்தைக் குறைக்கச் சொன்னதற்கு "சைட்ல பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தது. சைட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது சிலது இருக்கும், ஆனால் மாடிப்படி அதில் சேராது, ஒரு படி கூடினால் ஹாலில் பத்து அங்குலம் போய்விடும். அங்கிருந்துதான் இந்த அலுவலகத்தைத் தேடிப் போனோம்.

கட்டணம் சதுர அடிக்கு 30 ரூபாய். 1,500 சதுர அடிக்கு 45,000. நம் ஊரில் பிளானுக்கு இவ்வளவா என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை, ஏனென்றால் அப்ரூவலுக்கு வேண்டிய ஒற்றைத் தாளை மூவாயிரம் நாலாயிரத்துக்குப் போட்டுத் தருகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். இவர்கள் தருவது வேறு: அறை அமைப்பு, ஃபுட்டிங்கிலிருந்து (தூணுக்கு அடியில் போடுகிற அஸ்திவாரம்) ரூஃப் வரை கம்பி விவரம், கதவு ஜன்னல் அளவு, பிளம்பிங், எலக்ட்ரிக்கல், அளவுப் பட்டியலோடு எஸ்டிமேட், அப்ரூவல் தாள், முகப்பு எப்படி இருக்கும் என்று காட்டுகிற ஒரு எலிவேஷன் படம். பணத்தைப் பகுதி பகுதியாக வாங்கினார்கள், ஒரு கட்டம் முடிந்து நாங்கள் சரி என்ற பிறகுதான் அடுத்த தவணை. இது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சந்திப்பில் அந்தப் பெண் இன்ஜினியர் பென்சிலையே எடுக்கவில்லை. நிறையக் கேட்டார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், யார் எங்கே படுப்பார்கள், ஊரிலிருந்து வருகிறவர்கள் எத்தனை நாள் தங்குவார்கள், பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், இருக்கிற பீரோவின் அகலம் என்ன. அப்புறம் அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்க களி எங்கே வச்சுக் கிண்டுவீங்க?" என்றார். நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத கேள்வி. எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் ராகிக் களிதான். வழக்கமாகப் போடுகிற சமையல் மேடை ஏறக்குறைய 33 அங்குல உயரம், அதன் மேல் அடுப்பு, அதற்கும் மேல் பானை. அந்த உயரத்தில் துடுப்பைப் போட்டு அழுத்திக் கிண்டத் தோளில் பலம் வேண்டும், எழுபது வயதுக்காரரால் முடியாது. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒன்றரை அடி உயரத்தில் தனியாக ஒரு சின்னத் திண்டு, அதற்கு ஒரு கேஸ் லைன், பானையைப் பிடித்து நிறுத்த இரும்பு வளையம் என்று வரைந்து காட்டியபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருஷத்துக்கு வாங்கி வைக்கிற புளிக்கும் ராகி மூட்டைக்கும் சமையலறையை ஒட்டி ஆறடிக்கு நாலடியில் ஒரு சாமான் அறையும் அந்தப் பேச்சில்தான் வந்தது. அதற்காக டைனிங் இடம் சுருங்கியது, அதில் எனக்கு வருத்தமில்லை.

அடுத்து மண். வரைவதற்கு முன்னால் மனையில் குழி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார், ஜேசிபி வாடகை எங்கள் செலவு. இது தேவையா என்று அப்பா கேட்டார். நம் மாவட்டம் பாறை மாவட்டம், எங்கே தோண்டினாலும் கெட்டியாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். எடுத்துப் பார்த்ததில் தென்கிழக்கு மூலையில் மூன்றடியிலேயே பாறை, ரோட்டுப் பக்கம் ஆறடி வரைக்கும் கொட்டி நிரப்பிய மண். பழைய ஓடைக்கால் ஒன்றை மூடித்தான் அந்தப் பக்கத்தைச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்று பக்கத்துக் காட்டுக்காரர் பிறகு சொன்னார். ஒரே வீட்டில் ஒரு பக்கத் தூண் பாறை மேலும் இன்னொரு பக்கத் தூண் நிரப்பு மண் மேலும் நின்றால் இரண்டும் ஒரே மாதிரி இறங்காது, சுவர் விரிசல் விடும். அதனால் முன்பக்க ஃபுட்டிங் எல்லாம் நிரப்பு மண்ணைத் தாண்டி இயற்கையான கெட்டித் தரை வரை போக வேண்டும் என்று ஒவ்வொரு தூணுக்கும் ஆழம் போட்டுக் கொடுத்தார்கள். மேலே ஒரு மாடி எப்போதாவது கட்டுவோம் என்றதும் அந்தச் சுமையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டி முடித்த பிறகு ஃபுட்டிங்கைப் பெரிதாக்குவது ரொம்பக் கஷ்டம் என்பதால் இதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். "அஞ்சடி தோண்டுனா போதும்" என்று எல்லா மனைக்கும் ஒரே கணக்குச் சொல்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. குழி எடுத்துப் பார்க்காமல் பிளான் போடுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் விஷயம்தான் இந்த அலுவலகத்தின் பெரிய பலம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பது நமக்கெல்லாம் தெரியும், பல்லில் பழுப்பு ஏறிய முகங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம், கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், பெரும்பாலான வீடுகளில் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுந்து ஒரே டேங்குக்குத்தான் ஏறுகின்றன. பிறகு அதை ஆர்.ஓ.வில் வடிகட்டுகிறோம். இவர் இரண்டையும் அடியிலிருந்தே பிரித்துவிட்டார். குடிநீருக்குத் தனிச் சின்னத் தொட்டி, மேலே தனி டேங்க், சமையலறைக்கும் பூஜை அறைக்கும் அதிலிருந்து தனிக் குழாய். குளிக்க, துவைக்க, கழிவறைக்குப் போர் தண்ணீர். கூடுதல் குழாய்க்கும் தொட்டிக்கும் ஆகிற செலவு மொத்த வீட்டுச் செலவில் கண்ணில் படாத தொகை. சுவரை எல்லாம் பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு இதே வேலையைச் செய்யப் பார்த்தால்தான் கஷ்டம்.

தொட்டிகளை எங்கே வைப்பது என்பதில் வாஸ்து வந்தது. அப்பா இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். சம்ப் ஈசானிய மூலையில், சமையல் அக்னி மூலையில், பெரிய படுக்கையறை குபேர மூலையில் (தென்மேற்கு), செப்டிக் டேங்க் வாயு மூலையில் (வடமேற்கு). அறையின் உள் அளவு மனையடி சாஸ்திரப்படி 10, 11, 16 என்று வர வேண்டும், 12, 13 கூடாது. சில ஆர்க்கிடெக்ட்டுகள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவர் சுளிக்கவில்லை. "ஐயா சொல்றதை வச்சே பண்ணலாம், எங்கே ஒத்து வரலைன்னு படத்துல காட்டறேன்" என்றார். ஒத்து வராத இடம் ஒன்றே ஒன்று. ஒகேனக்கல் குழாய் ரோட்டிலிருந்து மனைக்குள் நுழைவது வடமேற்கில், செப்டிக் டேங்கும் அதே மூலையில் வந்தது. இரண்டையும் அளவோடு வரைந்து காட்டி, இவ்வளவு நெருக்கமாகக் குடிநீர்க் குழாய் போகக் கூடாது, குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் இணைப்பு வழியாக அழுக்கு உள்ளே இழுக்கும் என்று விளக்கினார். அப்பா தன் வாஸ்துக்காரரிடமே கேட்டார், மேற்கின் நடுப்பகுதியிலும் செப்டிக் டேங்க் வரலாம் என்று அவரும் சொன்னார். போர்டிகோவுக்கு அடியில் நகர்த்தினோம். அங்கே நிரப்பு மண் என்பதால் தோண்டுவதும் சுலபம், பாறையில் பிரேக்கர் வைத்து உடைக்கிற செலவு மிச்சம். கழிவுநீர் உறிஞ்சுகுழியும் பாறைப் பக்கம் போகாமல் தப்பித்தது, பாறையில் தண்ணீர் இறங்காமல் தேங்கித்தான் நிற்கும். மாடியில் விழுகிற மழைநீர் பின்பக்கம் போர் பக்கத்தில் இருக்கிற குழிக்குப் போகிறது, 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயம்.

வெயிலைப் பற்றி அவர் சொன்ன ஒன்று எனக்குப் புதிது. தர்மபுரி 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நாலாவது வாரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வருகிறது, அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்று நம்பி அங்கே சன்ஷேட் இல்லாமல் விடுகிறவர்கள் கத்திரி வெயிலில் அவதிப்படுவது இதனால்தான். எங்கள் வடக்கு ஜன்னல்களுக்கும் இரண்டடி சன்ஷேட் வந்தது. மேற்கு முகப்பில் கண்ணாடி போய், போர்டிகோவும் மாடிப்படியும் வெயிலை வாங்கிக்கொள்கிற மாதிரி முன்னால் வந்தன. குபேர மூலைப் படுக்கையறை மேற்குச் சுவரைத் தொட்டே ஆக வேண்டும் என்பதால் அந்தச் சுவரின் உள்பக்கம் முழுக்க அலமாரி, ஜன்னல் தெற்கே. ஓசூரில் இருக்கிற மச்சான் வீட்டு பிளானை அப்படியே வைத்துக் கட்டலாமா என்று என் மனைவி கேட்டபோது, ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், தர்மபுரி டவுன் அதில் பாதிதான், அந்தக் காற்றும் குளிர்ச்சியும் இங்கே கிடைக்காது என்று பதில் சொன்னார். இதையெல்லாம் சொல்லித் தருகிற பொறுமை எல்லாருக்கும் இருக்காது.

மாடிப்படி 21 படியானது, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், நடுவில் ஒரு லேண்டிங். பேஸ்மென்ட் உயரத்தில், அதாவது ரோட்டைவிட வீட்டுத் தரை எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்பதில், கொஞ்சம் இழுபறி. ரோட்டைப் புதுசாகப் போடும்போதெல்லாம் அது உயர்ந்துகொண்டே போகிறது, அதனால் மூன்றடி ஏற்ற வேண்டும் என்றேன் நான். மூன்றடி ஏற்றினால் நாளைக்கு அப்பாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்றார் அவர். சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், மூன்றடிக்கு 36 அடி, அதற்கு இடமே இல்லை. கடைசியில் ரோட்டிலிருந்து இரண்டடி என்று முடிவானது. போர்டிகோ தரையே சரிவாக ஓர் அடி ஏறிவிடும், மீதி ஓர் அடிக்குப் பக்கவாட்டில் 12 அடிச் சாய்தளம். பெற்றோர் அறையின் பாத்ரூம் கதவு மூன்றடி அகலம், உள்ளே இறங்கப் படி கிடையாது. வழக்கமாக இரண்டரை அடிக் கதவுதான் போடுவார்கள், அதில் ஒருவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் நுழைய முடியாது.

பிளான் ஓரளவு முடிந்ததும் மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டுக் காட்டினார்கள். தனியாகப் பாராட்ட வேண்டிய வேலை இது. தாளில் 10க்கு 11 என்று படிக்கும்போது புரியாதது, கோட்டுக்குள் நின்று கட்டில் எங்கே, பீரோ எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கையை நீட்டிப் பார்க்கும்போது புரிந்துவிடுகிறது. எங்கள் மகள் அந்தக் கோட்டுக்குள் படுத்தே பார்த்தாள். பிள்ளைகள் அறைக் கதவு இடம் மாறியது, ஹாலில் ஒரு ஜன்னல் அகலமானது. செங்கல் வைத்த பிறகு மாற்றியிருந்தால் உடைப்பதற்கும் கூலி, கட்டுவதற்கும் கூலி. இங்கே ஒரு விளக்குமாறு போதுமாக இருந்தது.

இனி குறைகள். வேலை மெதுவாக நடக்கிறது. சொன்ன தேதிக்கு எதுவும் வரவில்லை, அதிலும் எலக்ட்ரிக்கல் வரைபடம் ரொம்பத் தாமதம், போன் செய்தால் எடுப்பதும் அபூர்வம். ஆடிக்கு முன்னால் பூமி பூஜை என்று நாள் குறித்திருந்தோம், அது ஆவணிக்குத் தள்ளிப்போனது, அப்பாவுக்கு இன்றைக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. எலிவேஷன் படத்தை வெளியே யாரிடமோ கொடுத்து வாங்குகிறார்கள். வந்த படத்தில் எங்கள் பட்ஜெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மர வேலை, கல் ஒட்டுதல், எங்கள் மனையில் இல்லவே இல்லாத புல்தரை எல்லாம் இருந்தன. கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் வெட்டுகிற ஊரில் இருந்துகொண்டு முகப்புக்கு எங்கிருந்தோ வருகிற டைல்ஸைக் காட்டுவது ஏன் என்று கேட்டு மாற்றச் சொன்னோம், மாற்றித் தந்தார்கள், ஆனால் அதை அவர்களே யோசித்திருக்க வேண்டும். சோலாருக்கும் ஏற்பாடு இல்லை. 2024-ல் மத்திய அரசு சூரிய வீடு திட்டத்தை அறிவித்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிற காலத்தில், மாடியிலிருந்து மீட்டர் வரை ஒரு காலிப் பைப் விட்டு வைப்பதை வீட்டுக்காரர் கேட்டுத்தானா செய்ய வேண்டும்? எஸ்டிமேட்டில் மர வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தார்கள், அதை வைத்து எந்த ஆசாரியிடமும் பேச முடியவில்லை.

ஆனால் அந்த எஸ்டிமேட்டின் மற்ற பகுதி எங்களுக்குக் கொடுத்த காசை மீட்டுத் தந்துவிட்டது என்றே சொல்வேன். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட், கேட், ஈ.பி. இணைப்பு எல்லாம் தனித்தனி வரியில் இருந்தன. கம்பி எத்தனை கிலோ, எம் சாண்ட் எத்தனை யூனிட், எந்தச் சுவர் 9 அங்குலம், எது நாலரை என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை வைத்துக் கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டபோதுதான் சதுர அடி ரேட்டுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. குறைந்த ரேட் சொன்னவர் போர்டிகோவையும் மாடிப்படி மேல் ஹெட்ரூமையும் சதுர அடிக் கணக்கில் முழு அளவில் சேர்த்திருந்தார், சம்ப்பும் காம்பவுண்டும் ரேட்டுக்கு வெளியே. கூடச் சொன்னவர் போர்டிகோவைப் பாதியாகக் கணக்கிட்டு சம்ப்பை உள்ளே சேர்த்திருந்தார். கூட்டிப் பார்த்தால் கூடச் சொன்னவர்தான் மலிவு. ஒரே பட்டியலை எல்லாரிடமும் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் விலை எழுதி வாங்குங்கள், அதற்கு மறுக்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அப்ரூவல் பெரிய தலைவலி இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம், எங்கள் 5 சென்ட் அதற்குள் வந்துவிட்டது. சுற்றிலும் விட வேண்டிய இடத்தை ஒழுங்காக விட்டு வரைந்திருந்தார்கள். ஓர் அடி இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, சான்று கொடுத்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், ஆய்வுக்கு வந்தால் பதில் சொல்வதும் நீங்கள்தான் என்று நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

அவசரமாக அடுத்த மாதமே கடைக்கால் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த அலுவலகம் சரிப்படாது. படத்தில் வீடு பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கும் ஏமாற்றமாக இருக்கும். வயதானவர்களோடு இருக்கிறவர்கள், பாறையும் நிரப்பு மண்ணும் கலந்த மனைக்காரர்கள், பின்னால் மாடி எடுக்கிற யோசனை இருக்கிறவர்கள் கட்டாயம் இந்த மாதிரி ஒருவரிடம் போங்கள். போகும்போது பத்திரம், பட்டா, எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) வரைபடம், லேஅவுட் அப்ரூவல் நகல் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர், வண்டி எல்லாவற்றின் நீள அகலத்தையும் டேப் வைத்து எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் வயதில் மூத்தவரையும் முதல் நாளே கூட்டிக்கொண்டு போங்கள், எலக்ட்ரிக்கல் வரைபடத்தை எந்தத் தேதிக்குத் தருவார்கள் என்பதை முதல் தவணை கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.